பரிசீலனையார் வேகம் ஏற்றிய கதை

நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவருக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு: பரிசீலனையார். திருகாணி வேண்டும், பசை வேண்டும், உறைத்துணி வேண்டும் என்று யார் எதைக் கேட்டுக்கொண்டு போனாலும், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மேசையில் தயாராக இருக்கும் ரப்பர் முத்திரையை எடுத்து, 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு குத்து குத்திவிட்டுத்தான் வந்தவர் முகத்தையே பார்ப்பார். ஒருமுறை சுழல் நாற்காலிக்குச் சக்கரம் வாங்குவது பற்றி அவர் பரிசீலித்து முடிப்பதற்குள் நிறுவனம் அந்த நாற்காலியைச் செய்வதையே நிறுத்திவிட்டது. தான் அவசரப்பட்டிருந்தால் அத்தனை சக்கரமும் வீணாகியிருக்குமே என்று இன்றைக்கும் அதைத் தன் சாதனைகளில் ஒன்றாகச் சொல்வார்.

பட்டப்பெயர் தொழிற்சாலைக்குள்ளேயே கிடந்திருக்க வேண்டியது. அதை வீடுவரை சுமந்து வந்து சேர்த்த புண்ணியவான் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. ஏசி விற்பவன். தொழிற்சாலை அலுவலகத்துக்கு ஏசி மாட்டப் போன இடத்தில் காதில் விழுந்ததாம். அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்கு வந்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் விஷயத்தை ஒப்படைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். மனைவிக்கும் கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் அந்தப் பெயர் புதுமையாகவே படவில்லை. இத்தனை நாள் பெயர் இல்லாமல் இருந்த ஒன்றுக்குப் பெயர் கிடைத்த நிம்மதிதான் அவர்கள் முகத்தில் தெரிந்தது.

இப்படிப்பட்ட பரிசீலனையாருக்கு வேகத்தின்மேல் ஒரு ஆசை இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் இருந்தது. பின்னறையில் அவருடைய கம்ப்யூட்டர் இருந்தது. விளையாட்டுக்கென்றே செய்த பெட்டிகளில் எது மலிவோ அதைத்தான் வாங்கியிருந்தார், அதுவும் வாங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. வேலை முடிந்து வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து கார்ப் பந்தயம் ஓட்டுவார். மச்சான் அவன் வீட்டிலிருந்து அவன் பெட்டியில் ஓட்டுவான். காதில் மாட்டிய கருவியில் இருவரும் பேசிக்கொள்வார்கள். பேச்சு சமமாகத்தான் நடக்கும். பந்தயம்தான் நடக்காது. முதல் இரண்டு வளைவுவரை பரிசீலனையாரின் கார் சீறிக்கொண்டு போகும். மூன்றாவது வளைவில் படம் அப்படியே உறைந்து நிற்கும். அது மறுபடி உயிர்பெறும்போது கார் வேலிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு, மேய வந்ததுபோல நிற்கும்.

"என்ன அத்தான், வண்டிய நிறுத்திட்டு இறங்கி யோசிக்கிறீங்களா?" என்று காதுக்குள் மச்சான் குரல் கேட்கும்.

ஒரு நாள் இரு நாள் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். தினம் மூன்றாவது வளைவில் வேலி என்றால் எவ்வளவு பெரிய பொறுமைசாலிக்கும் வேலிமேல் வெறுப்பு வரும். அந்த வெறுப்பு முற்றியிருந்த ஒரு சாயங்காலத்தில்தான் மச்சான் அந்தக் குண்டைப் போட்டான். தான் புதுப் பெட்டி வாங்கப் போவதாகவும், இப்போது இருக்கும் பெட்டியை அத்தானுக்கே கொடுத்துவிட முடிவு செய்துவிட்டதாகவும் சொன்னான்.

"நல்ல பொருள் அத்தான். பத்திரமா வச்சுக்கணும்."

இந்த இடத்தில் ஒரு பழைய கணக்கைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குடும்பத்தில் பழைய பொருள்கள் என்றைக்கும் ஒரே திசையில்தான் பாய்ந்தன. பரிசீலனையார் புது சைக்கிள் வாங்கியபோது பழையது மச்சானுக்குப் போனது. புதுக் கைப்பேசி வந்தபோது பழையது மச்சானுக்கு. இடுப்பு பெருத்தபோது கால்சட்டைகள் எல்லாம் மச்சானுக்கு. ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது அவர் தொண்டையைச் செருமி, "நல்ல பொருள். பத்திரமா வச்சுக்கணும்" என்று ஒரு சொற்பொழிவும் சேர்த்துத்தான் கொடுப்பார். அப்போது மாணவனாக இருந்த மச்சான் கையைக் கட்டிக்கொண்டு கேட்பான். இப்போது அதே வாசகம், அதே செருமலோடு, எதிர்த் திசையிலிருந்து வந்தது. ஆறு திரும்பி மலைக்கு ஏறினால் எப்படி இருக்கும்? பரிசீலனையாருக்கு அப்படி இருந்தது. அந்தப் பெட்டி மட்டும் இந்த வீட்டு வாசல்படி ஏறிவிட்டால், அதற்கப்புறம் மச்சானின் கால்சட்டைகள் வருவதற்கு எத்தனை நாள் ஆகும்?

"என் பெட்டிக்கு என்ன குறை?" என்றார். "நான் அத ஓவர்கிளாக் பண்ணப் போறேன்."

சொன்ன பிறகுதான் சொன்னதை அவரே கேட்டார். எங்கோ ஒரு வீடியோவில் பாதி பார்த்த வார்த்தை அது. கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராசஸரை, செய்தவர்கள் நிர்ணயித்த வேகத்துக்கும் மேலே ஓட வைப்பது. ஓடினால் லாபம். சூடு தாங்காமல் மூளை கருகினால் பெட்டியைக் குப்பையில் போட வேண்டியதுதான். வாழ்க்கையில் முதல்முறையாக முத்திரை குத்தாமல் ஒரு வார்த்தையை வெளியே விட்டிருந்தார். மச்சான் அதை லேசில் விடுகிறவனா? ஞாயிற்றுக்கிழமை தன் பெட்டியோடு நேரில் வருவதாகவும், அத்தானின் பெட்டி ஒரு பந்தயம் முழுக்க நிற்காமல் ஓடிவிட்டால் கொண்டுவந்ததைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விடுவதாகவும், வேலிக்குள் போய் நின்றால் தன் பெட்டி இங்கேயே இருந்துவிடும் என்றும் சொல்லி முடித்துவிட்டான்.

அன்று சாப்பாட்டு மேசையில் பரிசீலனையார் கூட்டம் கூட்டினார். உறுப்பினர்கள் இருவர், மனைவியும் மகளும். ஓவர்கிளாக் செய்வதன் சாதகங்கள், பாதகங்கள், அதில் பிராசஸரின் மனநிலை எல்லாவற்றையும் விரிவாக எடுத்துச் சொன்னார். மனைவி வீட்டிலேயே ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பவர். மறுநாள் கொடுக்க வேண்டிய திரைக்கு வளையம் கோத்துக்கொண்டே கேட்டார்.

"கிளாக்குன்னா கடிகாரம்தானே?"

"கடிகாரம்னா, உள்ளே துடிக்கிற துடிப்பு. அது வேற."

"வேறயோ என்னமோ. உங்க பெட்டி ஓரத்துல மணி காட்டுமே, காலையில போட்டா நடுச்சாமம்னு காட்டுது. தேதிய பாத்தா நம்ம பொண்ணு இன்னும் பள்ளிக்கூடம் போறா. இருக்கிற கடிகாரம் முதல்ல சரியா ஓடட்டும். ஓவர் கடிகாரத்த அப்புறம் பாக்கலாம்."

இணையம் கிடைத்ததும் தேதி தானாகத் திருத்திக்கொள்ளும், அது ஒரு பெரிய விஷயமில்லை, பெண்கள் எப்போதும் சில்லறை விவரங்களைத்தான் பார்ப்பார்கள் என்று பரிசீலனையார் விளக்கினார். மனைவி வளையத்தைக் கோத்து முடித்துவிட்டு, சில்லறையைப் பார்க்கிறவர்கள் வீட்டில்தான் நோட்டு இருக்கும் என்றார். இதைக் கூட்டத்தின் நடவடிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று தலைவர் முடிவு செய்தார்.

மகளின் நிலைப்பாடு வேறு. அவளுக்கு மாமாவின் பெட்டிமேல் கண். பக்கவாட்டில் கண்ணாடி வைத்து, உள்ளே ஊதாவும் பச்சையுமாக விளக்கு எரியும் பெட்டி அது. அது வந்துவிட்டால் தன் அறைக்குத்தான் என்று மனசுக்குள் இடம்கூட ஒதுக்கியாகிவிட்டது. ஆகவே அப்பா ஓவர்கிளாக் செய்வதை அவள் முழு மனதோடு ஆதரித்தாள். செய்வதுதான் செய்கிறோம், கொஞ்சம் தாராளமாகவே ஏற்றிவிடலாம் என்றும் யோசனை சொன்னாள். மகளின் அறிவியல் ஆர்வத்தைக் கண்டு தகப்பனின் கண் லேசாகக் கலங்கியது.

அடுத்து நிபுணர் கருத்து. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் ஒருவர், தன் கடைக்கு முன்னால் தன்னைத் தானே 'டாக்டர்' என்று எழுதி வைத்திருந்தார். கழுத்தில் குழல் மாட்டாததுதான் குறை. பரிசீலனையார் நிலைமையைச் சொன்னதும் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, ஏற்றலாம், ஆனால் ஏற்றாமலும் இருக்கலாம், எதுவானாலும் மூடியைக் கழற்றிக் கொஞ்சம் காற்று விடுவது உத்தமம் என்றார். பரிசீலனையாருக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. தன்னைப் போலவே முடிவெடுக்கத் தெரிந்த ஒரு மனிதரை அவர் அதுவரை சந்தித்ததில்லை.

"ஏத்தினா தாங்கும்னு உத்தரவாதம் குடுப்பீங்களா?"

"தாங்கலேன்னா எங்கிட்டதான் கொண்டு வருவீங்க. அதுக்கு உத்தரவாதம் தர்றேன்."

வாரம் முழுக்க அவர் மனம் ஊஞ்சலாடியது. காலையில் ஏற்றுவது என்று எழுந்து, மதியம் ஏற்றுவதில்லை என்று சாப்பிட்டு, சாயங்காலம் வேலிக்குள் மூக்கை நுழைத்ததும் மறுபடி ஏற்றுவது என்ற பக்கம் சாய்வார். மூளை கருகிவிட்டால் என்ன ஆகும் என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். கருகினாலும் மச்சான் பெட்டிதான் வரும், கருகாமல் வேலியில் நின்றாலும் மச்சான் பெட்டிதான் வரும். ஆக, பெட்டி வராமல் இருக்க ஏற்றுவதைத் தவிர வழியில்லை. இந்த முடிவுக்கு வர அவருக்குச் சனிக்கிழமை மதியம்வரை ஆயிற்று என்றால், அவருடைய சரித்திரத்தில் அது ஒரு மின்னல் வேகம்.

சனிக்கிழமை மதியம் பின்னறை ஆபரேஷன் தியேட்டர் ஆயிற்று. அந்த அறையில் ஒரு மூலையில் அவருடைய மேசை, அதை ஒட்டியே மனைவியின் தையல் மெஷின், நடுவில் துணி வெட்டும் பெரிய பலகை. சுவரில் இருந்த ஒற்றைப் பிளக்கிலிருந்து ஒரு நீள வயர் போட்ட சுவிட்ச் பெட்டி இழுத்து, தையல் மெஷினும் கம்ப்யூட்டரும் அதிலேயே குடித்தனம் நடத்தின. பரிசீலனையார் சட்டைக் கையை மடித்துவிட்டு, திருப்புளியால் மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினார்.

"இது என்ன, உள்ள ஆடு வளக்கிறீங்களா?" என்றார் மனைவி.

பல வருஷத் திரைச்சீலைகளின் பஞ்சு அத்தனையும் அங்கேதான் இருந்தது. பிராசஸர்மேல் உட்கார்ந்திருந்த சின்ன விசிறியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. நீலம், பச்சை, சந்தன நிறம் என்று அடுக்கடுக்காய்ப் படிந்து கம்பளிபோல் ஆகியிருந்தது. எந்த வருஷம் எந்த நிறத் திரை அதிகம் தைத்தார் என்று மனைவியால் அதைப் பார்த்தே சொல்ல முடிந்தது. பரிசீலனையார் இதையெல்லாம் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இது முன்னேற்பாட்டுப் பணி, இதை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியப் பணிக்கு நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, இன்னொரு வீடியோ பார்க்க வரவேற்பறைக்குப் போய்விட்டார். மனைவி தையல் மெஷினைத் துடைக்க வைத்திருக்கும் சின்ன பிரஷை எடுத்தார். வாரம் தவறாமல் தன் மெஷினைத் துடைக்கும் கை அது. மகள் விசிறி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ள, இவர் மூலை முடுக்கெல்லாம் தேய்த்து எடுத்து, வந்த பஞ்சையெல்லாம் குப்பைக் கூடையில் போட்டார். கூடை நிரம்பியது.

பிறகு முக்கியப் பணி தொடங்கியது. பெட்டியைப் போட்டதும் வழக்கம்போலக் கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்து வந்து நின்றது. பரிசீலனையார் எஃப் ஒன் பொத்தானை அமுக்கினார். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் அதுதான் நடைமுறை. முதன்முதலில் அந்த எழுத்து வந்தபோது மகள் பதறிப்போய்க் கூப்பிட்டாள். அவர் வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அதாவது வாசிக்க முடியாத நிலையில் வைத்துக்கொண்டு, இது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு, எஃப் ஒன் அமுக்குகிறவர்களை மட்டும்தான் உள்ளே விடும் என்று விளக்கினார். அன்றிலிருந்து மூவரும் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நாலு வரியை ஒருவரும் வாசித்ததில்லை. வீட்டு வாசலில் எழுதியிருப்பதை வீட்டுக்காரர்கள் வாசிக்கிறார்களா என்ன?

அடுத்து நீலத் திரை. பெட்டி முழுதாக விழிக்கும் முன்னால் அதன் உள் அமைப்புகளை மாற்றும் இடம் அது. அங்கே பிராசஸரின் வேகத்துக்கு ஒரு எண் இருந்தது. அதை மூன்று படி ஏற்றினார். இரண்டு படியாகக் குறைத்தார். மகள் பின்னாலிருந்து, மூன்றே நன்றாகத்தான் இருந்தது என்றாள். ஒரு படியில் நிறுத்தினார். சேமிக்கவா என்று திரை கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்றார்.

பெட்டி அணைந்து, மறுபடி எழுந்தது. புகை வரவில்லை. வழக்கமான வெள்ளை எழுத்தும் வரவில்லை. எஃப் ஒன் கேட்காமலே நேராக உள்ளே போய் நின்றது. மகளுக்கே ஆச்சரியம்.

"அப்பா, பாதுகாப்பு ஏற்பாடு வரலியே?"

"வரும். வர்றதுக்குள்ள இது தாண்டிப் போயிடுச்சு. அவ்வளவு வேகம்."

அன்றைக்கு இதற்குமேல் சோதிக்கக் கூடாது, புது வேகத்துக்கு மூளை பழக வேண்டும், ஓய்வு கொடுப்போம் என்று சொல்லி, முறைப்படி அணைத்து, பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தார். மனைவி கடைசி ஜன்னல் திரைக்கு ஓரம் அடித்து முடித்தார். அறையைவிட்டுப் போகும்போது எப்போதும் செய்வதுபோலக் கால் கட்டைவிரலால் சுவிட்ச் பெட்டியை அணைத்தார். டக் என்றது. அந்த டக்கை யாரும் கவனிக்கவில்லை. தினம் கேட்கிற சத்தம்தானே.

ஞாயிறு காலை மச்சான் வந்தான். பெட்டியை இரண்டு கையிலும் ஏந்தி, அதன்மேல் மானிட்டர் திரையை வைத்து, அதற்குமேல் தாடையை வைத்துப் பிடித்துக்கொண்டு படியேறினான். மனைவி முணுமுணுத்துக்கொண்டே துணி வெட்டும் பலகையைக் காலி செய்து கொடுத்தார். ஊதாவும் பச்சையும் அறை முழுக்கப் பரவின. மகள் அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வையில் பெண் பார்க்க வந்தவர்களின் கனிவு இருந்தது. மச்சான் மேசைக்கடியில் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பரிசீலனையார் தன் பெட்டியைப் போட்டார். வெள்ளை எழுத்து வந்தது. கம்பீரமாக எஃப் ஒன் அமுக்கினார். உள்ளே போயிற்று.

பந்தயம் தொடங்கியது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. மூன்றாவது நெருங்கும்போது பரிசீலனையார் பழக்கதோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். படம் உறையவில்லை. கார் வேலியை உரசாமல் வளைந்து, அவர் இதுவரை கண்ணால் கண்டிராத ஒரு சாலைக்குள் நுழைந்தது. அங்கே ஒரு பாலம் இருந்தது. ஒரு ஏரி இருந்தது. இத்தனை வருஷமாக இந்தப் பந்தயத்தில் ஏரி இருப்பதே அவருக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டே இன்னொரு சுற்றும் ஓட்டினார். பக்கத்தில் மச்சானின் பெட்டி மாவு மெஷின்போல இரைய ஆரம்பித்தது. கடைசி வளைவில் அவன் திரை ஒரு நொடி திக்கியது. அந்த ஒரு நொடியில் அத்தானின் கார் அவனைத் தாண்டிக் கோட்டைத் தொட்டது.

அதற்குப் பிறகு நடந்த சொற்பொழிவை முழுதாகச் சொன்னால் படிப்பவருக்கு வயதாகிவிடும். துணிவு என்பது என்ன, தொழில்நுட்பம் என்பது என்ன, எதையும் மாற்றிவிடத் துடிக்கும் இளைய தலைமுறைக்கு இருப்பதைச் செம்மைப்படுத்தும் பொறுமை ஏன் இல்லை என்று மூன்று தலைப்புகளில் பேசினார். பேச்சு நீளவே மனைவி, பந்தயம் முடிந்துவிட்டதென்றால் பலகையைக் காலி செய்து கொடுங்கள், எனக்கு வேலை கிடக்கிறது என்று சொல்லி, இரண்டு பெட்டியையும் அணைக்க வைத்து, சுவிட்சையும் கட்டைவிரலால் தட்டினார். டக்.

மச்சான் தோல்வியை ஒத்துக்கொண்டான். அதில் அவன் நல்ல மனுஷன். ஆனால் ஒரே ஒரு ஆசை, அத்தான் எவ்வளவு ஏற்றினார் என்று அந்த எண்ணைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றான். பரிசீலனையாருக்கு இதைவிட இனிப்பான வேண்டுகோள் வேறென்ன? சுவிட்சைப் போட்டு, பெட்டியைப் போட்டார். கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. விரல் எஃப் ஒன்னை நோக்கிப் போனது.

"இருங்க அத்தான். இது என்ன?"

"பாதுகாப்பு ஏற்பாடு."

மச்சான் குனிந்து, அந்த வீட்டில் இரண்டு வருஷத்தில் முதல் ஆளாக, அந்த நாலு வரியையும் வாசித்தான். வாசித்தவன் நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"அத்தான், இது என்ன கேக்குது தெரியுமா? 'நீங்க செஞ்சு வச்ச அமைப்பெல்லாம் அழிஞ்சுபோச்சு. கடையில வாங்கினப்ப இருந்த மாதிரியே மாத்தி வச்சுடறேன். சரின்னா எஃப் ஒன் அமுக்குங்க.' நீங்க தினம் சரின்னு சொல்றீங்க."

மகள் கைப்பேசியில் தேடி வாசித்துச் சொன்னாள். உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி இருக்குமாம். சுவிட்சை அணைத்த பிறகும் தேதியையும் அமைப்புகளையும் பெட்டி மறக்காமல் இருப்பது அதனால்தானாம். அது செத்துப்போனால் ஒவ்வொரு முறை மின்சாரம் போகும்போதும் பெட்டிக்கு எல்லாம் மறந்துவிடுமாம். பரிசீலனையார் நீலத் திரையைத் திறந்தார். அங்கே எண், பிறந்தபோது இருந்தபடியே சாதுவாக உட்கார்ந்திருந்தது.

"அப்போ நேத்து நான் ஏத்தினது?"

"நேத்தே இறங்கிடுச்சுப்பா. அம்மா கட்டைவிரல்ல."

"நான் அப்பவே சொன்னேன், முதல்ல கடிகாரத்த பாருங்கன்னு" என்றார் மனைவி. தான் சொன்னது என்ன அர்த்தத்தில் சரி என்பது அவருக்கும் முழுதாகப் புரியவில்லை. ஆனால் சரியாகிவிட்ட ஒரு வாக்கியத்தைக் கைவிடுவதற்கு அவர் தயாராக இல்லை.

பரிசீலனையாரின் முகத்தைப் பார்த்து மச்சானுக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது. ஏற்றாமலேயே எப்படி ஓடியது என்று பேச்சை மாற்றினான். மகள் குப்பைக் கூடையைக் காலால் நகர்த்தி நடுவில் வைத்தாள். நீலமும் பச்சையும் சந்தனமுமாகப் பஞ்சு எட்டிப் பார்த்தது. காற்று போக வழியில்லாமல் சூடேறித் தவித்த மூளை, நேற்றுத்தான் மூச்சு விட்டிருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். பரிசீலனையார் மெதுவாக எழுந்து, மச்சானுடைய பெட்டியின் பக்கத்தில் குனிந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார். பக்கவாட்டுக் கண்ணாடிக்குள் விசிறிக்குப் பஞ்சு மீசை முளைத்திருந்தது.

"மச்சான், நீங்க ஏசி விக்கிறப்ப வாங்கறவங்ககிட்ட என்னமோ சொல்வீங்களே, என்ன அது?"

மச்சான் தலையைச் சொறிந்தான். "மாசம் ஒரு தடவை ஃபில்டரைத் துடைங்கன்னு."

"ஆங். அதேதான்."

இப்போது நால்வரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பேட்டரிக்கு எங்கே போவது என்ற பேச்சு வந்தது. அதே அளவுப் பேட்டரி குளியலறையில் இருக்கும் எடை பார்க்கும் கருவியில் இருப்பதாக மகள் சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, பரிசீலனையார் திருப்புளியோடு குளியலறைக்குப் போய்விட்டார். யாரையும் கலந்து பேசவில்லை, கூட்டம் போடவில்லை. கொஞ்ச நாளாகவே அந்தக் கருவி அவரிடம் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. அவர் வாழ்க்கையில் பரிசீலிக்காமல் எடுத்த முதல் முடிவு அதன் பேட்டரியைப் பிடுங்கியதுதான்.

பேட்டரி பெட்டிக்குள் போயிற்று. மனைவி சோதனைக்காகச் சுவிட்சைத் தட்டி மறுபடி போட்டார். வெள்ளை எழுத்து இன்னும் ஒருமுறை வந்தது. எஃப் ஒன் அமுக்கி, தேதியைத் திருத்தி, திரும்பவும் அணைத்துப் போட்டார்கள். இந்த முறை எழுத்து வரவில்லை. தேதி நின்றது. இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெட்டி மற்றவர்களோடு ஒரே நாளில் வாழ ஆரம்பித்தது.

"இப்ப ஏத்துங்க அத்தான்" என்றான் மச்சான். "இப்ப ஏத்தினா நிக்கும்."

பரிசீலனையார் நீலத் திரைமுன் உட்கார்ந்தார். எண்ணை ஒரு படி ஏற்றினார். சேமிக்கவா என்று திரை கேட்டது. நேற்றும் இதே கேள்விதான். நேற்று கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்றதில், அவருக்கே தெரியாமல், ஒரு ஆபத்தும் இருக்கவில்லை. இன்றைக்கு இருந்தது. இன்றைக்கு ஆம் என்றால் ஆம்தான். மகள் பின்னால் நின்று, ஏற்றுங்கள் அப்பா என்று மிகவும் பாசமாகச் சொன்னாள். அந்தப் பாசம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது அவருக்குப் புரிந்தது. அவர் அந்தப் பாலத்தை நினைத்தார். ஏரியை நினைத்தார். அங்கே போய்ச் சேர்ந்தாகிவிட்டது. இனி இன்னும் சீக்கிரமாகப் போய் என்ன செய்ய?

சேமிக்காமல் வெளியேறும் பொத்தானை அமுக்கினார். உறுதியாகவா என்று பெட்டி இன்னொரு முறை கேட்டது. கண்ணைத் திறந்துகொண்டே ஆம் என்றார்.

"என்னப்பா ஆச்சு?"

"பரிசீலனையில் உள்ளது" என்றார். இந்த முறை முதலில் சிரித்தது அவர்தான்.

மச்சான் பேச்சுத் தவறவில்லை. பெட்டியின்மேல் திரை, திரையின்மேல் தாடை என்று வந்தபடியே கிளம்பினான். புதுப் பெட்டி வாங்குவது பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்போல் இருக்கிறது என்று போகிற போக்கில் சொன்னான். ஊதா வெளிச்சம் அணைந்து வாசலைத் தாண்டிப் போவதை மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். பரிசீலனையார் தையல் மெஷின் பக்கம் போய் எதையோ எடுத்துக்கொண்டு படிவரை வந்தார். மச்சானின் சட்டைப் பையில் அந்தச் சின்ன பிரஷைச் செருகினார். தொண்டையைச் செருமினார்.

"நல்ல பொருள். பத்திரமா வச்சுக்கணும்."

மச்சானால் தலையாட்ட முடியவில்லை. ஆட்டினால் திரை விழுந்துவிடும். பின்னறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"டேய், பத்திரமாலாம் வச்சுக்காத. துடைச்சதும் கொண்டுவந்து குடுத்துடு. எனக்கு மெஷின் துடைக்கணும்."